அகதி, ஏதிலி, புகலாளர்: எதை எங்கே எழுதுவது?

'கதி' நம் பேச்சில் அன்றாடம் புழங்கும் சொல். 'நீயே கதி' என்போம், 'என் கதி என்ன ஆகுமோ' என்போம், எல்லாம் கெட்டுப்போனால் 'அதோகதி'. வடமொழியில் கதி என்றால் செல்லுதல், செல்லும் வழி. போய்ச் சேரும் இடம், பற்றிக்கொள்ளும் துணை என்ற பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை. முன்னால் 'அ' சேர்ந்தால் இன்மை. ஆக, அகதி என்றால் போக்கிடம் அற்றவர். போரும் எல்லையும் கடவுச்சீட்டும் முதலில் இந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆதரவற்ற எவரும் அகதிதான். 'திக்கற்றவருக்குத் தெய்வமே துணை' என்கிறோமே, அந்தத் திக்கற்றவர் இதன் உடன்பிறப்பு.

'ரெஃப்யூஜி' வேறு வழியில் வந்த சொல். 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் ஆணையை நீக்கியபோது நாட்டைவிட்டு ஓடிய ஹ்யூகெனோ புராட்டஸ்டண்டுகளோடு சேர்ந்து ஆங்கிலத்துக்குள் புகுந்தது. அதன் லத்தீன் வேருக்குத் தப்பிச் சென்று புகும் இடம் என்று பொருள். கவனியுங்கள்: அது புகுமிடத்தைச் சொல்கிறது, நம் சொல் இல்லாமையைச் சொல்கிறது.

அகதிக்குத் தனித்தமிழில் ஈடாக வழங்குவது ஏதிலி. 'ஏதும் இல்லாதவர்' என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்' என்கிறது குறள் (837). தமர் என்றால் தன்னைச் சேர்ந்தவர். அவருக்கு எதிரே நிற்கும் ஏதிலார், தொடர்பில்லாத அயலார். 'ஏதிலார் குற்றம்போல்' (190) என்ற இடத்திலும் அதே பொருள்தான். கையில் காசில்லாததைவிட, 'இவர் என்னவர்' என்று சொல்ல ஒரு நாடு இல்லாததுதான் இங்கே சிக்கல். அந்த வகையில் ஏதிலி பொருந்தவே செய்கிறது. 1984இல் சென்னையில் எஸ். சி. சந்திரகாசன் தொடங்கிய அமைப்பும் 'ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்' என்றே பெயர் வைத்துக்கொண்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி, இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தோடு தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவர் அல்லது அந்த அச்சத்தால் பெற விரும்பாதவர் அகதி. அவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 33ஆம் பிரிவு. வறுமை இதில் ஓர் அளவுகோலே அல்ல. வசதி படைத்தவரும் அகதியாகலாம்.

ஐந்து காரணங்களையும் இன்னொரு முறை பாருங்கள். பெண் என்பதால் வரும் துன்புறுத்தல் அதில் இல்லை. 1985இல்தான் ஐ.நா. அகதிகள் முகமையின் செயற்குழு, சமூகக் கட்டுப்பாட்டை மீறியதாகக் கொடுமைக்கு ஆளாகும் பெண்களைக் 'குறிப்பிட்ட சமூகக் குழு'வாக அரசுகள் கருதிக்கொள்ளலாம் என்றது. கருதிக்கொள்ளலாம், அவ்வளவுதான், கருத வேண்டும் என்று சொல்லவில்லை. 1993இல் கனடா இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

அமைப்புகளின் பங்கு இந்த இடைவெளியில்தான் தெரிகிறது. முகாமில் பதிவு நடக்கும்போது குடும்பத் தலைவர் பெயரில் ஒரே அட்டை என்று வைத்துக்கொள்வோம். அட்டை கணவன் சட்டைப்பையில் இருக்கும். அவன் அடித்தாலும் மனைவி பிரிந்துபோக முடியாது; போனால் அரிசியும் போச்சு, அடையாளமும் போச்சு. 2001இல் அகதிகள் முகமை பெண்களுக்குக் கொடுத்த ஐந்து உறுதிமொழிகளில் ஒன்று, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிப் பதிவு, தனி ஆவணம் என்பது. உணவுப் பங்கீட்டில் பெண்களுக்குப் பொறுப்பு, முகாம் குழுக்களில் பாதி இடம், மாதவிடாய்த் துணிகள் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, போகும் வழியில் விளக்கு எரிகிறதா, விறகுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்பதும் முகாம்களில் பாதுகாப்பு வேலைதான். இப்படிப்பட்ட கேள்விகள் குழுவில் பெண்கள் உட்கார்ந்தபிறகே சரியாகக் கேட்கப்படுகின்றன. 'பெண்களுக்கு அதிகாரமளித்தல்' என்று தமிழகத்திலும் 'வலுவூட்டல்' என்று இலங்கையிலும் எழுதுகிறார்களே, முகாமில் அது முதலில் தன் பெயரில் ஓர் அட்டைதான்.

பெயரை மாற்றினால் நிலை மாறுமா? 2021இல் தமிழ்நாடு அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. காதுக்கு இதமான மாற்றம், வரவேற்கலாம். ஆனால் இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. முகாமுக்குள் இருப்பவரின் சட்ட நிலை பெயர்ப்பலகையோடு சேர்ந்து மாறவில்லை.

அப்புறம், எதை எங்கே எழுதுவது? சட்டமும் செய்தியும் அகதி என்றே பழகிவிட்டன, அதை விலக்கத் தேவையில்லை. தனித்தமிழ் வேண்டுமென்றால் ஏதிலி, பன்மையில் ஏதிலியர். புகல் என்ற வேரிலிருந்து புகலாளர் என்றும் எழுதலாம். இன்மையைச் சுட்டாமல் உரிமையைச் சுட்டுவதால் என் ஓட்டு அதற்கு. விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர் புகலிடம் கோருபவர். எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடியவர் இடம்பெயர்ந்தவர். அவரை அகதி என்று எழுதுவது பிழை, ஏனென்றால் 1951 உடன்படிக்கை அவருக்குப் பொருந்தாது.