முறிந்த சாஃப்டின் முகம் சொல்லும் கதை

இஞ்சின் போட்டின் சாஃப்ட், அதாவது இஞ்சினிலிருந்து போய் விசிறியைச் சுற்றும் இரும்புத் தண்டு, முறிந்தால் யாழ்ப்பாணத்தின் குருநகரிலும் காரைநகரிலும் அனேகமாக ஒரே பேச்சுத்தான்: "இரும்பு டூப்ளிக்கேட்." சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் முறிந்த துண்டுகளைப் பார்த்துக் காரணம் சொல்வது என் தொழில். அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் முறிந்தவை அல்ல.

முறிந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று, அலை பின்வாங்கும்போது மணலில் விடும் கோடுகள் போல வளைந்த கோடுகளோடு இருக்கும். சில இடத்தில் துருவும் படிந்திருக்கும். அது பழைய வெடிப்பு. மற்றப் பக்கம் சொரசொரவென்று இருக்கும். கோடுகள் எந்த மூலையைச் சுற்றி வளைகின்றனவோ, அங்கேதான் தொடக்கம். என்னிடம் வருபவற்றில் அது கீ போடும் காடியின் (சாஃப்டோடு மாட்டும் பாகம் வழுக்காமல் பிடிக்கும் ஆப்புக்காக வெட்டிய பள்ளத்தின்) கூரான மூலை, இல்லாவிட்டால் பழைய வெல்டிங்கின் ஓரம். சொரசொரப்பான பகுதிதான் கடைசிவரை பாரத்தைத் தாங்கியது. அது சிறிதாக இருந்தால் பாரம் பெரிதாக இல்லை என்று அர்த்தம். ஓட்டியவரைப் பேசுவதில் நியாயமில்லை. தயவுசெய்து இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள், உரசினால் கோடுகள் அழிந்துவிடும்.

இதுதான் உலோகச் சோர்வு. ஒரு தடவை சுலபமாகத் தாங்கும் பாரம், இலட்சக்கணக்கான தடவை வந்து போனால் முறித்துவிடும். ஜேர்மனியின் ஓகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைச் சோதித்து இதை விளங்கப்படுத்தினார். உருக்குக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழான பாரத்தில் எவ்வளவு சுற்றினாலும் முறியாது என்பதும் அந்தச் சோதனைகளில் தெரிந்ததே. எங்கள் சிக்கல் என்னவென்றால், உப்புத் தண்ணீரில் அந்த எல்லை இல்லாமல் போகிறது. அரிப்பு ஒரு சின்னக் குழியைத் தோண்டும், வெடிப்பு அங்கே குடியேறும்.

2023இல் நேச்சர் இதழில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 40 நனோமீற்றர் தடிப்புள்ள பிளாட்டினத் தகட்டை வினாடிக்கு 200 தடவை இழுத்து விட்டபோது, சுமார் 40 நிமிடத்தில் வெடிப்பின் ஒரு முனை தானாகவே மூடிக்கொண்டது. அந்த ஆய்வில் பங்கெடுத்த பேராசிரியர் மைக்கேல் டெம்கோவிச் 2013இலேயே கணினி மாதிரியில் இதைச் சொல்லியிருந்தார். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது வெற்றிடத்தில் நடந்தது. காற்றுப் பட்டால் வெடிப்பின் முகங்களில் ஒட்சைட்டு படியும், உலோகம் உலோகத்தோடு ஒட்டுவது கஷ்டம். எங்கள் சாஃப்ட் ஓடுவதோ கடல் தண்ணீரில்.

ஆகவே எங்கள் சாஃப்ட் தானாக ஒட்டாது, எல்லோரும் போவது வெல்டிங்குக்குத்தான். நடுக்கடலில் மாட்டியவர் கரை சேர ஒட்டுப்போடலாம், சரி. அதோடு சீசன் முழுக்க ஓடுவதுதான் ஆபத்து. கரி கூடின உருக்கை முன்சூடு காட்டாமல் வெல்டிங் பிடித்தால் ஓரம் கடினமாகி வெடிக்கும். ஆறும்போது சுருங்கி, உள்ளே இழுவிசையும் தங்கிவிடும். புதிது கடையும்போது காடியின் உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டச் சொல்லி லேத்காரரிடம் கேளுங்கள். கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இஞ்சின் இறக்கும் காலத்தில் சாஃப்டையும் கழற்றித் துடையுங்கள். மண்ணெண்ணெய் பூசி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மெல்லிசாகச் சோக்குத் தூள் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து ஈரக்கோடு தெரியும். மிக நுண்ணிய வெடிப்பு இதில் தப்பிவிடும். அதற்கு, வெடிப்புக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாய ஸ்பிரே வேண்டும்.