பசுமைக்குடில் வாயு

பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வாயுவுக்கு ஆங்கிலத்தில் ‘கிரீன்ஹவுஸ் கேஸ்’ என்று பெயர். தமிழில் ‘பசுமை இல்ல வாயு’ என்றும் ‘பசுங்குடில் வாயு’ என்றும் எழுதுகிறார்கள். முதல் வடிவத்தைச் சற்று வேகமாகச் சொன்னால் ‘பசுமை இல்லை’ என்றே காதில் விழும். விளைவைப் பார்த்தால் அதுவும் பொருந்தித்தான் போகிறது.

கிரீன்ஹவுஸில் உள்ள பச்சை, செடிகளைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆரஞ்சு போன்ற குளிர் தாங்காத செடிகளைப் பனிக்காலத்தில் வைத்துக் காத்த கட்டடத்துக்கு இட்ட பெயர் அது. அந்த வகைக் கட்டடம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் எழுந்தபோது நம்மவர்கள் பச்சையை விட்டுவிட்டுக் ‘கண்ணாடி மாளிகை’ என்றார்கள். கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் கொய்மலர் வளர்க்கும் பாலித்தீன் கொட்டகைக்கோ ‘பசுமைக்குடில்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. விவசாயி வாயில் புழங்கும் சொல் இருக்க, இல்லம் எதற்கு? ‘பசுமைக்குடில் வாயு’ போதும். ‘வாயு’வுக்குப் பதில் ‘வளி’ என எழுதுவோரும் உண்டு. சங்க இலக்கியத்துச் சொல், அழகானது. ஆனால் காற்று என்ற பொருளும் அதற்கு இருப்பதால் இங்கே சற்றுக் குழப்பும்.

பெயரில் வேறொரு கோளாறும் இருக்கிறது: குடில் சூடாகும் விதம் வேறு, வாயு சூடேற்றும் விதம் வேறு. 1856இல் அமெரிக்க ஆய்வாளர் யூனிஸ் ஃபூட் கரியமில வாயு அடைத்த குழாய் வெயிலில் கூடுதலாகச் சூடாவதைக் கண்டார். 1859இல் இயற்பியலாளர் ஜான் டிண்டால், அந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளக்கத் தொடங்கினார். கண்ணாடி வீட்டு உவமை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைபெற்றது. கோத்தகிரியில் நண்பகலில் குடிலின் பக்கத் திரையைச் சுருட்டி ஏற்றுபவரைக் கேளுங்கள்: திரை ஏறியதும் அனல் வெளியேறிவிடும். குடில் சூடாவது முக்கியமாக உள்ளே சிக்கிய காற்றால். வானத்துக்கோ சுருட்டி ஏற்றத் திரை கிடையாது.

நீலகிரிக்காரருக்கு உறைபனியை வைத்து விளக்குவது எளிது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பள்ளங்களில் புல் வெளுப்பது மேகமற்ற இரவுகளில்தான். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானுக்கு விடுகிறது. மேகமும் நீராவியும் அதில் ஒரு பங்கை வாங்கித் தரைக்கே திருப்புகின்றன. மாலையில் பூங்கா ஊழியர்கள் நாற்றுகள்மேல் மிலார் என்ற செடியின் தழையைப் பரப்புகிறார்களே, அதற்கும் இதே கணக்குதான். கரியமில வாயுவும் மீத்தேனும் பூமி முழுவதற்கும் இந்த வேலையைச் செய்கின்றன. நீராவி உட்பட இவை எதுவுமே இல்லாவிட்டால் உலகின் சராசரி வெப்பநிலை 15 டிகிரிக்குப் பதில் கழித்தல் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். ஆகவே வாயுவே பகையன்று, அளவு மீறியதுதான் சிக்கல்.

அந்த மிகுதி பெரும்பாலும் நிலக்கரியும் டீசலும் எரிவதில் வருகிறது. இதற்கு வழங்கும் சொல் ‘உமிழ்வு’, உமிழ்தலிலிருந்து வந்தது. குறை சொல்ல இடமில்லாத சொல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மின்சாரக் காருக்குப் புகைபோக்கியே கிடையாது. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, வேகத்தைத் தணித்துக்கொண்டே பேட்டரிக்கு ஓரளவு மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடாகும் வாசனை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் அந்த மின்சாரம் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பிறந்ததானால் உமிழ்வு மலையடிவாரத்துக்கு அப்பால் இடம் மாறியிருக்கிறது, குறைந்திருந்தாலும் ஒழியவில்லை. 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் போன்றவற்றிலிருந்தோ காற்றாலை, சூரியத் தகடுகளிலிருந்தோ வந்தால்தான் கணக்கு நேராகும்.

இந்த மின்சாரத்தைப் ‘பசுமை எரிசக்தி’ என்கிறார்கள், மின்வாகனத்துக்கும் பச்சை நம்பர் பிளேட். பசுமைக்குடில் வாயுவைக் குறைக்கப் பசுமை எரிசக்தி என்றால் பள்ளிப் பிள்ளைகள் திகைக்க மாட்டார்களா? ‘தூய எரிசக்தி’ என்றே எழுதலாம்.

பொதுவாகப் பேசும்போது ‘வாயுக்கள்’ என்று பன்மையில் எழுதுவதே சரி. உமிழ்வைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 1997 கியோட்டோ உடன்படிக்கை ஆறு வகைகளைப் பட்டியலிட்டது. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் இடும் யூரியாவிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு அவற்றில் ஒன்று. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 270 மடங்கு சூடேற்றும். மலையில் ஓடும் வண்டிகள் அத்தனையும் மின்சாரத்துக்கு மாறினாலும் அது குறையாது.