புது ஸ்பார்க் பிளக்கில் கேப் வைக்கும்போது எங்கே கை படக்கூடாது

இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கை மாற்றிய பிறகு, மிஸ்ஸிங் (இடையிடையே எரியாமல் விட்டுப்போய் இன்ஜின் குலுங்குவது) ஆரம்பித்துப் பட்டறைக்கு வரும் கார்கள் உண்டு. ‘நாலு பிளக்கும் இப்பத்தான் புதுசு போட்டேன், பிளக்கா இருக்காது’ என்று வண்டிக்காரர் உறுதியாகச் சொல்வார். கழற்றிப் பார்த்தால் பிளக்தான் காரணமாக இருக்கும். கம்பெனியிலிருந்து நன்றாக வந்த பிளக்கை, கேப் வைக்கிறேன் என்று யாரோ கெடுத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அந்த வேலையே பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது.

நடு முனைக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் எர்த் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் கேப். பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 0.7 மி.மீ. முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். குறைந்தால் பொறி சின்னதாகி ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) ஆடும். கூடினால் தாண்டிக் குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். இழுவையில் மிஸ்ஸாகும், அந்த வோல்டேஜைத் தரும் காயிலுக்கும் சுமை.

கார்புரேட்டர் காலத்தில் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, தரையில் லேசாகத் தட்டி, ஹாக்ஸா பிளேடை நுழைத்துக் கேப் பார்ப்பார்கள். அப்போது அது தவறில்லை. சாதாரண நிக்கல் பிளக்கின் நடு முனை ஏறக்குறைய 2.5 மி.மீ. தடிமன், கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். சீக்கிரம் தேயும் என்பதால் இடையிடையே சரிசெய்யவும் வேண்டியிருந்தது.

நடு முனையில் இரிடியம் வைத்த இப்போதைய பிளக் வேறு. டென்சோ கம்பெனி பிளக்கில் 0.4 மி.மீ. முனை வருகிறது, என்ஜிகே கம்பெனியில் 0.6 மி.மீ. பிள்ளைகள் பின்முனையை அழுத்தி லெட்டை வெளியே வரவைத்து எழுதும் பென்சிலின் மெல்லிய லெட் அளவுதான். இரிடியம் கடினமான உலோகம், 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அதனால்தான் அவ்வளவு மெல்லிசாக இருந்தும் பல்லாயிரம் கிலோமீட்டர் தேயாமல் நிற்கிறது. ஆனால் வளையாது. பக்கத்திலிருந்து நெம்பினால் சில்லு தெறித்துவிடும், அல்லது வெல்டிங்கோடு பெயர்ந்துவிடும்.

அதனால் முதலில் அளந்து பாருங்கள், திருத்துவது அப்புறம். இன்றைய பிளக்குகள் கேப் வைத்தேதான் வருகின்றன. என்ஜிகே பிளக் எண்ணின் கடைசியில் -11 என்றிருந்தால் 1.1 மி.மீ., -9 என்றால் 0.9. இருந்தாலும் ஒரே பிளக் பல மாடல்களுக்குப் பொருந்தும் என்பதால், உங்கள் காரின் மேனுவல் சொல்லும் அளவே கணக்கு. டர்போ வண்டிக்கும் சிஎன்ஜி ஓட்டும் வண்டிக்கும் அது குறைவாக இருப்பது சகஜம்.

அளக்க உருண்டைக் கம்பி உள்ள வயர் கேஜ் நல்லது. கம்பி லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. திணிக்க வேண்டியிருந்தால் கேப் குறைவு. கடையில் மலிவாகக் கிடைக்கும் நாணயம் போன்ற வட்டக் கருவியை இரிடியம் பிளக்கில் பயன்படுத்தாதீர்கள் என்றே சொல்வேன். அதன் விளிம்பு ஒரு பக்கம் மெல்லிசாகத் தொடங்கி, சுற்றிவரத் தடித்துக்கொண்டே போகும். கேப்புக்குள் நுழைத்துச் சுற்றும்போது அளப்பதாக நினைத்து நடு முனையைத்தான் நெம்புகிறோம். எர்த் முனையில் பிளாட்டினத் துண்டு ஒட்டிய பிளக் என்றால் அதையும் சுரண்டிவிடும்.

அளவு சரியென்றால் அப்படியே மாட்டிவிடுங்கள். திருத்தியே ஆக வேண்டுமென்றால் எர்த் முனையை மட்டும் அசைக்க வேண்டும். விரிக்க, கொக்கி வாயுள்ள கேப் டூலை எர்த் முனையில் மட்டும் மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். நடு முனையையோ அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானையோ தாங்கலாக வைத்து நெம்பக்கூடாது. குறைக்க, அதே டூலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் வளைவில் விரிசல் விடும். 0.2 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால், கையில் இருப்பது உங்கள் வண்டிக்கான பிளக்தானா என்று பாருங்கள். இரண்டு மூன்று எர்த் முனை உள்ளவற்றைத் தொடவே வேண்டாம்.

பீங்கானில் விழும் மயிரிழை விரிசல்தான் கண்டுபிடிக்க இன்னும் கஷ்டம். ஒரு காரில் ஐட்லிங் நன்றாக இருந்தது, சமதரையில் குறையே இல்லை. ஏசி போட்டு மேட்டில் ஏறினால் மட்டும் குலுக்கல். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி கேப்பைத் தாண்டக் கஷ்டப்பட்டு, விரிசல் வழியாகப் பக்கத்து உலோகத்துக்கு ஓடிவிடுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானில் சின்னக் கறுப்புக் கோடு, அவ்வளவுதான். கீழே விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும் மாட்டாதீர்கள் என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான். ஒரு பிளக்கின் விலையைவிடக் காயிலின் விலை எவ்வளவோ அதிகம்.

மாட்டும்போதும் அதே நிதானம் வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பிளக் குழியில் உள்ள தூசியை ஊதி எடுத்துவிடுங்கள். பிளக்கைக் குழிக்குள் போட்டுவிடாமல், உள்ளே ரப்பர் உள்ள சாக்கெட்டில் பிடித்து இறக்குங்கள். ‘டொக்’ என்று விழுந்தால் அளந்து வைத்த கேப் போச்சு. முதல் சில சுற்று கையாலேயே திருக வேண்டும். பிளக் மாட்டும் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பெரிது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால், வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20. இல்லையென்றால், புது வாஷர் பிளக்கைக் கையால் இறுக்கியபின் அரைச் சுற்று, கொஞ்சம் கூடப் போகலாம். வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காரும் பிளக்குக்கு அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது பதினாறில் ஒரு சுற்றே போதும்.