பாட்டை நிறுத்தியும் நிற்காத அதிர்வு

பட்டறைக்கு ஒரு சொகுசுக் கார் வந்தது. வேறோர் இடத்தில் ஒலிச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்), தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய சப்வூஃபர் ஸ்பீக்கரும் பொருத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "பாட்டு போடாட்டியும் காது அடைக்குது சார்" என்றார் உரிமையாளர். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஆடியோவை அணைத்த பிறகும் டிக்கிப் பக்கமிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் அதிர்வு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறியது. கூரையில் சிறு துளைக்குப் பின்னால் இருந்த மைக்கின் பிளக்கைக் கழற்றினேன். சட்டென்று அடங்கிவிட்டது.

உயர்ரகக் கார்கள் பலவற்றில் எஞ்சினின் உறுமலை மைக் கேட்கும்; அதற்கு நேரெதிரான ஒலி அலையை ஸ்பீக்கர்கள் வழியே விட்டு உறுமலை அமுக்கும். கம்பெனி ஸ்பீக்கருக்கென்றே அளந்து வைத்த கணக்கு அது. நடுவில் புது சப்வூஃபர் புகுந்து அந்தச் சிக்னலையும் ஊதிப் பெருக்கினால், அமுக்க வந்ததே இரைச்சலாகிவிடும். வாங்கிய சாமானில் ஒரு குறையும் இல்லை.

இந்த வண்டிகளில் ஆடியோ தனியாக நிற்பதில்லை. இண்டிகேட்டரின் டிக்டிக், பார்க்கிங் எச்சரிக்கை போன்றவை பல மாடல்களில் கம்பெனி ஆம்ப் வழியாகத்தான் வருகின்றன. அதைக் கழற்றினால் அவையும் ஊமையாகலாம். ஜெர்மன் கார்கள் பலவற்றில் 'மோஸ்ட்' என்ற ஆப்டிக்கல் ஃபைபர் வளையம் ஓடுகிறது. அதில் ஒரு யூனிட்டைப் பிடுங்கினாலே ஆடியோ மொத்தமும் படுத்துவிடும். அந்த ஃபைபரை 25 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்கவும் கூடாது.

எனக்கு உண்மையில் பயம் கதவுகளில்தான். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார், கதவுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைக் கவனிக்கிறது. மோதலில் கதவுத் தகடு உள்வாங்கும்போது அழுத்தம் திடீரென ஏறும். அதுதான் அதற்கு அடையாளம். பெரிய ஸ்பீக்கருக்காக ஓட்டையை அறுத்து, மூடாமல் இடைவெளி விட்டால் அழுத்தம் கசிந்து, ஏர்பேக் தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம். "லேசா அறுத்துக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் முடியாது என்பதுதான்.

"காஸ்ட்லி ஸ்பீக்கர் போட்டும் சத்தம் குறைஞ்சிடுச்சு" என்ற புலம்பலுக்குக் காரணம் எளிது. கம்பெனி ஸ்பீக்கரின் மின்தடை 2 ஓம், வாங்கிப் போட்டது 4 ஓம் என்றால் ஆம்ப்பிலிருந்து கிடைக்கும் பவர் ஏறக்குறைய பாதிதான். அதனால் பழகிய நாலு பாட்டோடு வரச் சொல்லி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இருவருமாகக் கேட்போம். ஸ்பீக்கரைத் தொடாமல், ஒலியைச் சீராக்கும் டிஎஸ்பி என்ற கருவியை வைத்து டியூன் செய்ததிலேயே திருப்தியாகப் போனவர்கள் உண்டு. வியாபாரத்துக்கு அது நஷ்டம்தான், என்ன செய்ய!

ஆம்ப் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 12 வோல்ட்டில் 1000 வாட் இழுத்தால் 83 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். எர்த்தை பாடியில் கொடுங்கள். பேட்டரி நெகட்டிவில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும் வண்டியில் நேராக முனையில் மாட்டினால் அதன் கணக்கு குழம்பும்.

வேலை முடிந்ததும் வண்டியைப் பூட்டி, அதன் கம்ப்யூட்டர்கள் உறங்கும்வரை காத்திருந்து, பேட்டரி வீணாக வடிகிறதா என்று மின்னோட்டத்தை அளப்பேன். மீட்டர் 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டும். சாவி கைமாறுவது அதற்குப் பிறகுதான்.