மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் மை தீட்டும்போது

மூக்குக்கண்ணாடியோடு மை தீட்ட முடியாது. கழற்றினாலோ முகமே சரியாகத் தெரியாது. தினமும் காலையில் இப்படி மல்லுக்கட்டுகிறவர்களைக் கண் பரிசோதனை அறையில் நிறையப் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லிக்கொண்டு வரும் குறை வேறு: "பவர் ஏறிடுச்சு போல மேடம். சாயங்காலமானா எழுத்து மங்குது, கண்ணு எரியுது." சோதித்துப் பார்த்தால் பலருக்குப் பவர் பழையபடியேதான் இருக்கும்.

ஸ்லிட் லேம்ப் என்ற பரிசோதனைக் கருவியில் இமையைப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இமை முடிக்குப் பின்னால், கண்ணை ஒட்டிய ஈர விளிம்பில் வரிசையாகப் பொடித் துளைகள் உண்டு. கீழ் இமையில் மட்டும் 20-க்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ச் சுரப்பியின் வாய். நாம் இமைக்கும்போதெல்லாம் அதிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணீரின் மேல் பரவி, அது சீக்கிரம் காய்ந்துபோகாமல் காக்கும். அந்தத் துளைகளின் மேலேயே காஜலை அழுத்தி இழுத்திருப்பார்கள். இமைக்க இமைக்கக் கறுப்புத் துகள்கள் கண்ணீரில் மிதந்து நகரும். எண்ணெய் குறைந்து கண் காய்ந்தால் பார்வை விட்டுவிட்டு மங்கும். பவர் ஏறிவிட்டதென்று பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

மையை இமை முடிக்கு வெளிப்பக்கம் மட்டும் தீட்டுங்கள். உள்விளிம்பு வேண்டவே வேண்டாம். கல்யாண நாளாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

சரி, கண் தெரியாமல் எப்படித் தீட்டுவது? மைனஸ் 4 பவர் உள்ளவருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் 25 செ.மீ. தூரம் வரை தெளிவாகத் தெரியும். ஆனால் நிலைக்கண்ணாடியில் தெரியும் முகம், கண்ணாடி இருக்கும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. அதனால் நிலைக்கண்ணாடி 12 செ.மீ. அருகில் வந்தால்தான் இமை விளிம்பு துல்லியமாகத் தெரியும். வாஷ்பேசினுக்கு மேலே மாட்டியிருப்பது இதற்கு உதவாது. சின்னதாக ஒரு கைக்கண்ணாடியை முகத்தருகே நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் உருவம் இன்னும் தள்ளிப்போவதால், மைனஸ் அதிகமுள்ளவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடியே நல்லது.

40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு நேர்மாறு. கிட்டே போகப் போக மங்கும். இவர்களுக்கென்றே, ஒரு லென்ஸை மட்டும் மடக்கிவிட்டு, மற்றக் கண்ணால் பார்த்தபடி தீட்டும் மேக்கப் மூக்குக்கண்ணாடி கிடைக்கிறது. வாங்கிவைப்பது வீண் செலவில்லை.

இமை முடி லென்ஸில் உரசி மஸ்காரா அப்புகிறதா? பிரேம் கண்ணை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் நோஸ் பேடைச் சரிசெய்து தருவார்கள். கறையைத் துப்பட்டா நுனியால் துடைக்காதீர்கள். ஐ ஷேடோவின் மினுமினுப்புத் துகள் லென்ஸைக் கீறும். குழாய்த் தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்துக் கழுவினால் போதும். வெந்நீரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் லென்ஸ் பக்கமே வரக்கூடாது.

திறந்து மூன்று மாதமான மஸ்காராவைத் தூக்கிப் போடுங்கள். அக்கா தங்கையானாலும் ஒரே காஜல் வேண்டாம். கண்ணில் இடும் பொடி மையான சுர்மா சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதால், என்ன சேர்த்தது என்று தெரியாததைக் குழந்தை கண்ணிலும் வைக்காதீர்கள்.

இமை வீங்கியிருந்தால் சரியாகும்வரை எதுவும் பூச வேண்டாம். அப்புறம், பரிசோதனைக்கு வரும் நாளில் மை தீட்டாமல் வாருங்கள். தினமும் போடும் மையைக் கைப்பையில் எடுத்து வந்தால், அதையும் பார்த்துச் சொல்லிவிடலாம்.