எத்தனையாவது நாளில் வாங்கினீர்கள்?

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, தன்னைக் கடித்த நாயையே பிடித்துக்கொண்டு வருவார்கள். "நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், திடீர்னு கடிச்சிருச்சு." நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: குட்டியை எத்தனையாவது நாளில் வாங்கினீர்கள்? பெரும்பாலும் வரும் பதில், "முப்பது நாள் குட்டியா வாங்கினோம்."

முப்பது நாள் என்பது விற்பவருக்குத் தோதான கணக்கு. அதற்கு மேல் வைத்திருந்தால் தீனிச் செலவு, தடுப்பூசிச் செலவு. குட்டி பஞ்சுப்பொதி மாதிரி இருக்கும்போதே நல்ல விலை போகும். ஆனால் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் அது கூடப்பிறந்ததுகளோடு புரண்டு சண்டை போட்டுப் பழகுகிறது. பல் பட்டு ஒன்று வீலென்று கத்தினால் விளையாட்டு நின்றுபோகும். காம்பைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவு அங்கேதான் பிடிபடுகிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. 18 மாதம் நிறையாத பெட்டையை இனம் சேர்க்கவும் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, பஸ்ஸில் அட்டைப்பெட்டியில் குட்டியை வரவழைக்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. தாயைப் பார்ப்பதுமில்லை. ஆளைக் கண்டாலே மிரண்டு ஒடுங்குகிற தாயின் குட்டிகளுக்கு அந்தப் பயம் ரத்தத்திலும் வருகிறது, பார்த்துப் பழகுவதிலும் வருகிறது. தாயைக் காட்ட மறுக்கிற இடத்தில் தயவுசெய்து வாங்காதீர்கள்.

போன வருடம் ஒரு ராஜபாளையம் நாய் வந்தது. இரண்டு வயது ஆண். பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. தூங்கிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்த ஒன்பது வயதுப் பையனின் முழங்கைக்குக் கீழே நாலு பல் பதிந்துவிட்டது. ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லித்தான் அப்பா கூட்டிவந்திருந்தார். "கூப்பிட்டா வரவே வராது, திமிர் ஜாஸ்தி. எத்தனையோ அடிச்சுப் பார்த்துட்டேன்" என்றார். எனக்கு வேறு சந்தேகம். நாய்க்குப் பின்னால் நின்று ஸ்டீல் டிரேயைத் தரையில் போட்டேன். அறையில் இருந்த எல்லாரும் துள்ளித் திரும்பினார்கள். நாய் காதைக்கூட அசைக்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறவிச் செவிடு. தரை அதிர்வதையும் ஆள் வாடையையும் வைத்தே இரண்டு வருடம் சமாளித்திருக்கிறது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கிற அதே செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். உடம்பெல்லாம் வெள்ளையான நாயில் அவை உள்காதிலும் இல்லாமல் போகலாம். அப்படிப் போனால், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்திலேயே ஒலியை வாங்கும் செல்கள் அழிந்துவிடும். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் இனத்திலும் இதே கதைதான். ராஜபாளையத்தில் மூக்கு ரோஸாக இருந்தால்தான் ஒரிஜினல் என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், புள்ளி விழுந்த குட்டிகளை வளர்ப்பவர்கள் ஒதுக்குகிறார்கள், வெள்ளையையும் வெள்ளையையும் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். அது அந்தக் குறையைக் குட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டே போகும். வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனத்தை நிறத்துக்காக இப்படி ஆக்குவது எனக்குத் தாங்கவில்லை.

நல்ல இடத்தில் பிறந்த குட்டியையும் நாம் கெடுக்க முடியும். மூன்றாவது வாரம் தொடங்கி சுமார் 14 வாரம் வரை பார்க்கிற ஆட்களும் கேட்கிற சத்தங்களும்தான் அதற்கு உலகம். காவலுக்கு என்று அந்த வயதிலேயே மொட்டைமாடியில் சங்கிலியில் கட்டினால், வளர்ந்த பிறகு பால்காரர், குடை, ஹெல்மெட் எல்லாமே அதற்கு எதிரிதான். தடுப்பூசி முடியாமல் எப்படி வெளியே கொண்டுபோவது என்று கேட்பார்கள். சரிதான், தரையில் விட வேண்டாம். தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள், போதும்.

இன்னொன்று: உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது "கிட்ட வராதே" என்று அது சொல்லுகிற சொல். அடித்து அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். "திடீர்னு கடிச்சிருச்சு" என்பதில் பல கதைகள் இப்படி உண்டாக்கியவை.

அந்த ராஜபாளையம் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது. பையன் கிட்டே போகும் முன் தரையில் இரண்டு தடவை காலைத் தட்டுகிறான். அது தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் தொடுகிறான். போன மாதம் தடுப்பூசிக்கு வந்தபோது அப்பா சொன்னார், மேட்டிங்குக்குக் கேட்டு ஒருவர் வீடு தேடி வந்தாராம். காது கேட்காது என்று சொல்லியும், இவ்வளவு சுத்த வெள்ளை கிடைக்காது, பரவாயில்லை என்றாராம். அதற்குக் கருத்தடை முடிந்து பல மாதம் ஆகியிருந்தது.