கிலோமீட்டரை 900ஆல் வகுக்காதீர்கள், ஐயா

இருபது வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவில் மகளுக்குப் பிரசவம். பெற்றோர் கிளம்ப வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 26 மணி நேரப் பயணம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அப்பா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். சென்னையிலிருந்து 13,900 கிலோமீட்டர், வேகம் 900, ஆக பதினைந்தரை மணி நேரம். "தம்பி, கமிஷனுக்காகத்தானே சுத்தி அனுப்பறீங்க?"

வீட்டுக்குப் போய் டெல்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று அவரே போட்டுவிட்டார். நடுவில் ஒன்றரை மணி நேரம். டெல்லியில் பெட்டி கைக்கு வருவதற்குள் அடுத்த விமானத்தின் கவுன்டரை மூடிவிட்டார்கள். தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. அம்மாதான் போனில் அழுதார்.

அந்த 13,900 பொய்யில்லை. ஆனால் அது பூமி உருண்டையின் மேல் நூலைப் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் சீனா, சைபீரியா, அலாஸ்கா மேலே போகும். அந்த வழியில் சென்னையிலிருந்து நேரடி விமானமே கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் தூரம் 16,700ஐத் தாண்டும். வானத்திலும் கதவுகள் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் நாட்டு விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் பல விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஊர்கள் எதுவும் நகரவில்லை, நேரம் மட்டும் கூடியது.

சரி, தூரம் கூடினால் நேரமும் கூடும்தானே என்பீர்கள். அதுவும் இல்லை. 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டு பசிபிக் வழியாகத் திருப்பியது. தூரம் 1,400 கிலோமீட்டர் போல அதிகம். ஆனால் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். அதனால்தான் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்த தலைவலி கடிகாரக் கழித்தல். டிக்கெட்டில் ஃபிராங்க்ஃபர்ட் பகல் 1.30, சான்ஃபிரான்சிஸ்கோ மாலை 4.00 என்று இருக்கும். "ரெண்டரை மணி நேரம்தானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நடுவில் உள்ள ஒன்பது மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் பதினொன்றரை. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்போது நம்மோடு உள்ள வித்தியாசமும் மாறும். டிக்கெட்டிலேயே மொத்தப் பயண நேரம் போட்டிருக்கும். அதைப் படியுங்கள், போதும்.

முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால், நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். வயதானவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தயவுசெய்து கைப்பையில் வையுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை போட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அப்புறம், 15ஆம் தேதி 00.40 என்றால் 14ஆம் தேதி இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். போன மாதம்கூட ஒரு குடும்பம் 15ஆம் தேதி இரவு, மாலை மரியாதையோடு போய் நின்றது.